ஒரே ஒரு சுவருக்கு மூன்று அடாப்டர்

எங்கள் ஊர்க் கணினி வியாபாரிகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். அதற்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று திவ்யா போன் செய்தாள். காந்திபுரத்தில் நான் வேலை பார்த்த கடையில் இப்போது சர்வீஸ் பார்ப்பவள் அவள்தான். கம்ப்யூட்டருக்கு வயரில்லாமல் இணையம் பிடித்துத் தரும் வைஃபை அடாப்டர்களைத் தொங்கவிட்டிருந்த கம்பித் தட்டைக் கழற்றிவிட்டார்களாம். புதிதாக வரும் மதர்போர்டுகளில் வைஃபை கூடவே வந்துவிடுவதால் தனியாக வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்களாம். அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் எனக்குத் தலை நரைத்தது என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அதனால், "சிரிப்பா ஒண்ணு எழுதிக் குடுங்கக்கா" என்றாள்.

சிரிப்புக்கு என்ன பஞ்சம்? டிரைவர் சிடியை டிவிடி பிளேயரில் போட்டுவிட்டுப் படம் வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர் இருக்கிறார். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறேன் என்று யுஎஸ்பி ஓட்டை முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டு, "சாமி காரியமுங்க, எப்படிங்க கெட்டுப்போகும்" என்று கேட்டவரும் இருக்கிறார். ஆனால் எழுத உட்கார்ந்தால் அவர்களெல்லாம் வரமாட்டேன் என்கிறார்கள். சூலூர்ச் சுகந்திதான் முன்னால் வந்து நிற்கிறாள். மலரில் போடுவதும் போடாததும் திவ்யாவின் பாடு.

என் பெயர் ராஜாமணி. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு ஒரு தனிக் கட்டுரை. போனில் பெயர் சொல்லிவிட்டு வீட்டு வாசலில் போய் நின்றால், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சர்வீஸ் ஆளு வரலீங்களா?" என்பார்கள். வந்தாச்சுங்க, நாந்தானுங்க என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போனது. தட்டச்சு முடித்துவிட்டு பில் போடும் வேலைக்குத்தான் கடையில் சேர்ந்தேன். ஒருநாள் சர்வீஸ் பார்க்கும் ஆள் வரவில்லை, வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார், நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். பிறகு யாரும் அதை என்னிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

முதலாளி வேணு சார். வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் எங்களைவிடச் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ். அப்பா காலத்தில் பஞ்சாலை வைத்திருந்த குடும்பம். ஆலை போன பிறகு மிச்சம் இருப்பது மரியாதை மட்டும்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அது உண்மைதான். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரண நாளில் "ராஜாமணி, இங்க வாம்மா" என்பவர், கோபம் வந்துவிட்டால் "வாங்கம்மா, உக்காருங்க" என்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டாரோ, தொலைந்தோம். அந்த டீயைக் குடித்துவிட்டு அழாதவர்கள் எங்கள் கடையில் கிடையாது. நானும் குடித்திருக்கிறேன், இரண்டு மூன்று தடவை.

அடாப்டர் கேட்டு ஒருவர் வந்தால் தட்டுப் பக்கமே போகக்கூடாது என்பது அவர் சட்டம். வந்தவரை முதலில் ஸ்டூலில் உட்காரவைக்க வேண்டும். ரூட்டர் எந்த அறையில், கம்ப்யூட்டர் எந்த அறையில், இடையில் என்ன என்று கேட்க வேண்டும். முதல் இரண்டுக்கும் பதில் சட்டென்று வந்துவிடும். மூன்றாவதுக்குத்தான் மெனக்கெட வேண்டும். இடையில் ஒன்றும் இல்லை, வெறும் சுவர்தான் என்பார்கள். விடாமல் கேட்டால் அந்தச் சுவரில் சாய்த்து ஒரு இரும்பு பீரோ நிற்கும், பீரோவுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் நிற்கும், அந்தப் பக்கம் ஆள் உயரக் கண்ணாடி மாட்டியிருப்பார்கள். இரும்பும் தண்ணீரும் கண்ணாடிக்குப் பின்னால் பூசிய பூச்சும் சிக்னலைத் தின்றுவிடும். செங்கல்கூடப் பரவாயில்லை, கொஞ்சமாவது விடும்.

அப்புறம் டப்பா. கேபினெட்டைத்தான் டப்பா என்போம். அது மேஜைக்குக் கீழே சுவரைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். விலை குறைவு, கைக்கு அடக்கம் என்று டாங்கிள் என்கிற நகத்தளவு அடாப்டர் ஒன்றை வாங்கிப் போய் அந்த முதுகில் செருகுவார்கள். முன்னால் தகர டப்பா, பின்னால் சுவர். ரூட்டர் பக்கத்து அறையில் இருந்தால்கூட அதற்குக் காது கேட்காது. அதையே ஒரு முழ நீள யுஎஸ்பி வயரில் மாட்டி மேஜைக்கு மேலே தூக்கி வைத்தால் பாதித் தொல்லை தீரும். அதற்கும் சரிப்படாவிட்டால் ஆன்டெனா வைத்த அடாப்டர். அதற்கும் மேலே போனால் டப்பாவைத் திறந்து மதர்போர்டிலேயே செருகும் கார்டு.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்களை நம்பக்கூடாது. அவை கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டங்கள் மாதிரி, வீட்டுக்குள் ஒன்றுக்கும் உதவாது. இரண்டு அலைவரிசை உண்டு. ஒன்று மெதுவாகப் போகும், சுவரைத் தாண்டிவிடும். இன்னொன்று வேகமாக ஓடும், சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். எவருக்கு எது என்பது அவர் வீட்டைப் பொறுத்தது. வேணு சார் இதையெல்லாம் வகுப்பு எடுத்துச் சொன்னதில்லை. திரும்பி வந்த அடாப்டர்களை ஒவ்வொன்றாக இரும்பு அலமாரிக்குப் பின்னால் வைத்துச் சோதிப்பார், பக்கத்தில் நம்மை நிற்கவைப்பார். நின்று பார்த்ததுதான் படிப்பு.

விற்ற பிறகும் ஒரு சட்டம் வைத்திருந்தார், அதுதான் முக்கியம். ஒரு வாரம் கழித்து வாடிக்கையாளருக்குப் போன் செய்ய வேண்டும். ஆனால் "நல்லா இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்கவே கூடாது.

அந்தச் சட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவிநாசியிலிருந்து பனியனுக்கு டிசைன் போடும் ஒருவர் எங்களிடம் டாங்கிள் வாங்கினார். போன் செய்து நல்லா இருக்குதுங்களா என்று கேட்டேன். "ஜம்முனு இருக்குதுங்க" என்றார். அடுத்த மாதமும் கேட்டேன், அப்போதும் ஜம்மென்றுதான் இருந்தது. கடைசியில் அவிநாசிக் கோயில் தெருப் பக்கம் வேறொரு வேலையாகப் போனபோது பார்த்தால், மனுஷன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டிசைன் அனுப்பிக்கொண்டிருக்கிறார். டாங்கிள் முதல் நாளிலிருந்தே வேலை செய்யவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க அவ்வளவு தூரம் மெனக்கெட்டுக் கேக்கறீங்க, எப்பிடீங்க இல்லேன்னு சொல்றது?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை நாலு அறை அறைந்திருப்பேன். வேணு சார் கோபப்படவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களிடம் நல்லா இருக்குதா என்று கேட்டால் உயிர் போகிறபோதுகூட நல்லா இருக்குதுங்க, நீங்க சாப்பிட்டீங்களா என்றுதான் சொல்வார்கள், அதனால் திரையின் கீழ் மூலையில் சிக்னல் எத்தனை கோடு தெரிகிறது என்று கேளுங்கள் என்றார். கோடு எண்ணுவதில் மரியாதைக்கு இடமில்லை. அன்றிலிருந்து அப்படித்தான் கேட்டேன்.

கொரோனா முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட காலத்தில் சுகந்தி வந்தாள். முப்பது வயது சொல்லலாம். டப்பாவை ஒரு பழைய போர்வையில் சுற்றி, சூலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே பேசினாள். வேறெங்கோ வாங்கிய சின்ன டாங்கிள், போய்ப் போய் வருகிறது என்றாள். ஸ்டூலில் உட்காரவைத்து மூன்று கேள்வியும் கேட்டேன். ரூட்டர் கணவருடைய அண்ணன் வீட்டு ஹாலில் இருக்கிறது. கம்ப்யூட்டர் இவள் வீட்டு அறையில். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இடையில் பீரோ கிடையாது, ஒன்றும் கிடையாது என்றாள். விடாமல் கேட்டும் அதே பதில்தான் வந்தது. ஆன்டெனா வைத்த அடாப்டரை எடுத்து, வயர் போட்டு மேஜைக்கு மேலே வைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்து எத்தனை கோடு என்று கேட்டேன். முழுக்க இருக்கிறது என்றாள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சில நாளில் அவளே கூப்பிட்டாள். பாதி வேலையில் அறுந்துபோகிறது, ஆபீஸில் எச்சரிக்கை வந்துவிட்டது, கொஞ்சம் நேரில் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். நான் கார்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சூலூர் பஸ் ஏறினேன்.

ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. ரோட்டைப் பார்த்த முன்பக்கம் கணவரின் அண்ணன் பெரியசாமியுடையது, சுகந்தி மாமா என்று கூப்பிடுவது அவரைத்தான். பின்பக்கமும் அதை ஒட்டிய தறிக் கொட்டகையும் சுகந்தியின் கணவர் பங்கு. அவர் மாரடைப்பில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தறியை விற்றாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்லைச் சரிபார்க்கும் ஒரு வேலை அவளிடம் இருந்தது. கொரோனாவில் அந்த ஆபீஸ் கட்டடத்தையே காலி செய்து எல்லோரையும் வீட்டிலிருந்து பார்க்கச் சொல்லிவிட்டது. லைன் அறுந்தால் அங்கே தெரிந்துவிடும், அடிக்கடி அறுந்தால் வேலை போய்விடும். அந்த இடத்தில் செல்போனுக்குச் சிக்னல் ஒரு கோடுதான் என்பதால் அதை வைத்தும் சமாளிக்க முடியாது.

டப்பாவைத் திறந்து கார்டை மாட்டிக்கொண்டே, தனியாக ஒரு இணைப்பு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டேன். வயர் பெரியசாமியின் முன்வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். கேட்டதற்கு அவர், நம்ம லைன் இருக்கும்போது அம்மணிக்குத் தனியாக எதற்கு, ஊரில் என்ன நினைப்பார்கள் என்று சொல்லிவிட்டாராம். சரி, அவர் ரூட்டரிலிருந்து வயரையாவது இழுத்துக்கொள்ளலாமே என்றேன். இப்போதுதான் பெயின்ட் அடித்தது, சுவரில் ஓட்டை வேண்டாமே என்றாராம். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, வேண்டாமே என்றுதான் சொன்னாராம். அதைச் சுகந்தி இரண்டு முறை சொல்லிக் காட்டினாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். புகுந்த வீட்டில் தனியாகக் கிடந்து எதற்குக் கஷ்டப்பட வேண்டும், அப்பா வீட்டில் போய் நிம்மதியாக இருக்கலாமே, இந்தப் பாகத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெரியசாமி சொல்ல ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறதாம். சம்பளம் வருகிறது, சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் அவள் அங்கே இருக்கிறாள். சம்பளம் நின்றால் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை.

"கதவப் பூட்டிட்டு ஒரு மாசம் போனாப் போதுமுங்கக்கா. அப்பறம் என்ர சாவி செல்லாதுங்க" என்றாள்.

கார்டை மாட்டி, டிரைவர் போட்டு, ஆன்டெனாவை மேஜை மேல் நிறுத்தினேன். கோடு முழுக்க இருந்தது. இதில் குறையே இருக்க முடியாது. இருந்தாலும் ஏதோ உறுத்தியதால் உடனே கிளம்பாமல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சுகந்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். நான் திரையின் ஓரத்தில் வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரியும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். மேலே பெரியசாமி வீட்டுப் பெயர், முழுக் கோட்டுடன். கீழே எங்கோ இருக்கும் குடோன்களுடைய பெயர்கள் இரண்டு, தேய்ந்துபோன கோட்டுடன்.

மதியம் தாண்டியது. திடீரென்று லைன் அறுந்தது.

அந்த வரிசையைப் பார்த்தேன். குடோன் பெயர் இரண்டும் அப்படியே இருந்தன. பெரியசாமி வீட்டுப் பெயர் மட்டும் காணோம். இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அடாப்டர் கெட்டிருந்தால் எல்லாப் பெயரும் போய்விடும். சுவர் மறைத்தால் பெயர் இருக்கும், கோடு குறைந்து குறைந்து தேயும். தூரத்துப் பெயரெல்லாம் நிற்கும்போது பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெயர் மட்டும், அதுவும் முழுக் கோட்டிலிருந்து ஒரேயடியாகப் போனால், ரூட்டரை யாரோ அணைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த அடாப்டர் வாங்கி மாட்டினாலும் அதற்கு மருந்து கிடையாது.

சுகந்தியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து சுற்றிக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். கரண்ட் போகவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, டிவி ஓடிக்கொண்டிருந்தது. டிவிக்குப் பக்கத்துத் தட்டில் ரூட்டர் மட்டும் விளக்கில்லாமல் இருந்தது. பெரியசாமி சோபாவில் இருந்து எழுந்தே நின்றுவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு. வாங்க வாங்க என்றார், உட்காரச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். ரூட்டர் அணைந்திருக்கிறதே என்று கேட்டேன்.

"இடி இடிச்சாப் போயிருமுங்க அம்மணி, அதான் ஆப் பண்ணி வெக்கறதுங்க" என்றார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன், அவரும் என்னோடு சேர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, உங்களுக்கு வேண்டுமென்றால் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி ஸ்விட்சைத் தட்டினார். முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. தாலி அறுத்து ஒரு வருஷம்தான் ஆன பெண்ணின் சோற்றில் ஒரு விரலால் மண்ணைப் போடுகிறான், அதையும் ங்க போட்டுக்கொண்டே செய்கிறான் பாவி என்று தொண்டை வரை வந்துவிட்டது. மோரைத் தொடாமல் பின்பக்கம் திரும்பினேன். சுகந்தியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய் அவளை வைத்தே நாலு வார்த்தை கேட்பது என்றுதான் திரும்பினேன்.

அவள் வாசற்படியிலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுமுங்கக்கா. மொத டாங்கிளு வாங்கறப்பவே தெரியுமுங்க" என்றாள்.

"அப்பறம் எதுக்குடி அந்த டப்பாவ மடியில வெச்சுட்டு பஸ்ஸுல வந்தே?"

"மாமாகிட்டப் போயி நீங்க அணைக்கறீங்கன்னு எப்பிடிங்கக்கா சொல்றது? சொல்லிப்போட்டா அப்பறம் இந்தக் காம்பவுண்டுக்குள்ள மூஞ்சியப் பாத்துட்டு இருக்க முடியுங்களா? டாங்கிளு சரியில்லீங்கன்னு சொன்னா யாருக்கும் மனசு நோகாதுங்க. அப்பிடியே சொல்லிட்டு இருந்தா ஒருநா அவருக்கே எரக்கம் வந்து உட்டுருவாருன்னு பாத்தனுங்க."

மூன்று அடாப்டர். மூன்றும் நல்ல அடாப்டர். ஒருவரை நேருக்கு நேர் பார்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பதற்காக வாங்கியவை. இந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போடு என்று கத்தினேன். அவள் கையை விடவில்லை. நான் போய்ச் சண்டை போட்டால் ஆளை வைத்து அவமானப்படுத்தினாள் என்று சொந்தம் முழுக்கக் கூடிவிடும், அதற்குப் பிறகு தன் பக்கம் பேச ஒருவர்கூட இருக்கமாட்டார் என்றாள். அவள் கேட்டது ஒன்றுதான். மாமாவிடம் போய், கார்டில்தான் கோளாறு, மாற்றித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் அணைப்பது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் தனக்கு அங்கே இடம் என்றாள்.

வேணு சாருக்கு அடாப்டர் மேல் பொய்ப்பழி போட்டால் ஆகாது. நம் தப்பை மறைக்கப் பொருளைக் குறை சொன்ன ஒரு ஆளை அவர் டீ கொடுத்து வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார். அதனால் தறிக் கொட்டகைப் பக்கம் போய் நின்று அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் கண்ணாடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. துடைக்கிறார் என்று தெரிந்தது.

"கார்டையே குறை சொல்லிப்போட்டு வந்துருங்கம்மா. அதுக்கு வலிக்காது" என்றார்.

சொன்னேன். அந்த சோபாவில் உட்கார்ந்து, அந்த மோரைக் குடித்துவிட்டு, கார்டு சரியில்லைங்க என்று சொன்னேன். பெரியசாமி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அப்போதே சொன்னேன், இந்த வயரில்லாத சமாச்சாரமெல்லாம் நிற்காது என்று, அம்மணிதான் கேட்கவில்லை என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கேட் வரை வந்து நின்றார்.

அவருக்கு இரக்கம் வரவில்லை. நாங்கள் சொன்ன பொய்தான் அவருக்கு வசதியாகப் போய்விட்டது. கடைக்காரியே வந்து பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டாள், இனி இங்கிருந்து வேலை பார்க்க வழியில்லை என்று அவரே சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். லைன் மதியத்தில் மட்டும் அறுந்துகொண்டிருந்தது போய்க் காலையிலும் அறுந்தது. அந்த மாதக் கடைசியில் ஆபீஸ் அவளை நிறுத்திவிட்டது.

கொஞ்ச நாள் கழித்துச் சுகந்தி கடைக்கு வந்தாள். மூன்று அடாப்டரையும் அதனதன் அட்டைப்பெட்டியில் போட்டு, வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு மாட்டிக் கொண்டுவந்திருந்தாள். வேறு யாருக்காவது ஆகும் என்று கவுன்டரில் வைத்தாள். அப்பா வீடு அவிநாசிக்குப் பக்கம், அங்கேதான் போகிறேன், எங்கள் பாகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று என்றாள். அவளாகவே சொன்னாள்.

"நல்லாப் பேசித்தானுங்கக்கா அனுப்பிச்சாங்க."

வேணு சார் அந்த அடாப்டர்களைத் தட்டில் மாட்டவிடவில்லை. தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். கடையில் நல்ல கூட்டம். கவுன்டருக்கு முன்னால் வெள்ளை வேட்டி ஒன்று வந்து நின்றது. நிமிர்ந்தால் பெரியசாமி. அவர் என்னை மறக்கவில்லை. நம்மூட்டுக்கு வந்திருந்தீங்களே அம்மணி, அன்றைக்குச் சாப்பிடாமலே போய்விட்டீர்களே என்று வருத்தப்பட்டார். மகன் காலேஜ் சேர்கிறான், அவன் அறையில் கம்ப்யூட்டர் போட்டிருக்கிறோம், வைஃபைக்கு ஒன்று வேண்டும் என்றார்.

வேணு சார் உள்ளேயிருந்து வந்துவிட்டார். யார் என்று அவருக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும். வாங்கய்யா என்றார். ஸ்டூலில் உட்காரவிடாமல் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பிறகு குனிந்து, "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவு மரியாதையாக அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. கடையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு நின்றுவிட்டார்கள். பெரியசாமிக்கு அது எப்படித் தெரியும்? சந்தோஷமாக டீயை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். இந்தக் காலத்தில் இப்படி மரியாதை தெரிந்த கடை எங்கே இருக்கிறது என்றார். வேணு சாருக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியாது. உள்ளே போய்விட்டார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ரூட்டர் எங்கே என்றேன். ஹாலில் என்றார். கம்ப்யூட்டர் எங்கே என்றேன். பின்பக்க வீட்டு அறையில் என்றார். இடையில் என்ன என்று கேட்டேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு சுவருதானுங்க அம்மணி. சின்ன டாங்கிளே போதுமுங்க, அங்க நல்லா எடுக்குமுங்க."

தட்டிலிருந்து நகத்தளவு டாங்கிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்ய வேண்டிய வேலை என்னுடையது. சட்டப்படி எத்தனை கோடு தெரிகிறது என்றுதான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது வாயில் வரவில்லை. நல்லா இருக்குதுங்களா என்று கேட்டுவிட்டேன்.

"நல்லா இருக்குதுங்க அம்மணி. ஒருக்காக்கூடக் கட்டாகறதில்லீங்க" என்றார் பெரியசாமி.

என் சர்வீஸில் அந்தக் கேள்விக்கு நான் முழுசாக நம்பிய பதில் அது ஒன்றுதான்.